கடைசல்

வாச்சி பிடித்தால் செதுக்குவது, உளியும் கொட்டாப்புளியும் எடுத்தால் கொத்துவது, இழைப்புளி தள்ளினால் இழைப்பது. சிவகிரியில் எங்கள் தெரு ஆசாரி பட்டறையில் காதில் விழுந்த பேச்சு இது. கலப்பை செதுக்கவும் நிலைக்குத் துளை கொத்தவும் ஊரிலேயே ஆள் உண்டு. கடைசல் வேலை மட்டும் வெளியூர்ச் சரக்கு. கட்டில் கால், தொட்டில் கம்பு, பிள்ளைகளின் சொப்புச் சாமான் எல்லாம் அம்பாசமுத்திரத்துக் கைவேலை என்பார்கள்.

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போனால் பெரியவர்களுக்குக் கோமதியம்மன் காட்சி. எனக்குச் சொப்புக் கடை. குட்டி அம்மி, உரல், திருகை, குடம் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக ஓலைப்பெட்டிக்குள் மினுங்கும். ஆச்சி எனக்கு ஒரு பெட்டியும் தனக்கொரு மத்தும் எடுப்பாள். "நல்ல கடைசல் ஆச்சி, கையில சிராய் ஏறாது" என்றார் கடைக்காரர்.

"மோரைத்தான கடைவாக, மரத்தை எப்பிடி ஆச்சி கடையது?"

"மோரு கடையுத மாதிரிதாம்லே. கயித்தச் சுத்தி இழுக்கது."

கேலி பண்ணுகிறாள் என்றே நினைத்தேன். வீட்டில் அவள் தயிர்ப்பானை முன் உட்கார்ந்து, மத்தில் சுற்றிய கயிற்றை வலக்கை இழுக்க இடக்கை விட, மத்து அங்கும் இங்கும் சுழலும். இதில் மரம் எங்கே வந்தது?

வளர்ந்தபின் அம்பாசமுத்திரத்தில் ஒரு கடைசல் பட்டறைக்குப் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சுழலும் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்த, உரசும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறியது; தாழை மடலால் ஒற்றித் தேய்த்ததும் பளபளப்பு வந்தது. கரண்டு வருமுன் எப்படி என்று கேட்டேன். பட்டறைப் பெரியவர் கைகளாலேயே காட்டினார். கட்டையில் கயிற்றைச் சுற்றி ஒரு ஆள் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். கட்டை கடைகிறவர் பக்கம் சுழலும்போதுதான் உளி வெட்டும். எதிர்ச்சுற்றில் உளியை மயிரிழை விலக்கிக்கொள்ள வேண்டும், தப்பினால் மரம் சிதறும். ஆச்சி சொன்னது அப்படியே நிஜம். பாற்கடலைக் கடைந்ததும் மலையைச் சுற்றிப் பாம்பைப் போட்டு இழுத்துத்தானே! பருப்பும் கீரையும் கடைகிறவர்கள் கயிறில்லாமலே ஒப்பேற்றிவிட்டார்கள்.

மத்து இருக்கிறதா என்று கேட்டேன்.

"மிக்சி வந்தப்புறம் மத்து யாரு கேக்கா? பூரிக்கட்டைதான் ஓடுது" என்று அடுத்த கட்டையை மாட்டினார்.