ஓசூர் மேட்டில் ஒரு சொட்டு ஜலம்

அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தர்மபுரி என்பதை நேயர்கள் அறிவார்கள். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளலின் ஊரிலிருந்து ஆகாய விமானம் இறங்கும் மைதானத்துக்குப் பிரயாணம் என்றால் சற்று விநோதமாகத்தான் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 60 மைல்தான்.

தர்மபுரி கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 அடி உயரத்தில் இருக்கிறது. மாந்தோப்புகள் நிறைந்த கிருஷ்ணகிரியைத் தாண்டி வடமேற்கே செல்லச் செல்ல, பூமி படிப்படியாக மேடாகிறது. ராகிக் கொல்லைகளையும் ரோஜாத் தோட்டங்களையும் பார்த்துக்கொண்டே ஓசூரை அடையும்போது நாம் சுமார் 3,000 அடி உயரத்துக்கு வந்துவிடுகிறோம். 2004-ம் வருஷத்தில் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாகப் பிரியும் வரையில் இந்தச் சீமையெல்லாம் தர்மபுரி ஜில்லாவைச் சேர்ந்ததே. ஓசூரிலிருந்து தளி செல்லும் சாலையில் பேளகொண்டப்பள்ளி என்னும் கிராமம் இருக்கிறது. அங்கேதான் தனேஜா ஏரோஸ்பேஸ் கம்பெனியாரின் விமான மைதானம். 1990-களில் இரண்டு யந்திரங்களும் ஆறு ஆசனங்களும் கொண்ட சிறு விமானங்கள் இங்கே கட்டப்பட்டன. இத்தாலி தேசத்தில் உருவான மாதிரி. கட்டியவை நம்மவர் கைகள்.

தளிப் பக்கத்துக் குளிரைக் கண்டு வெள்ளைக்காரர்கள் அதைச் 'சின்ன இங்கிலாந்து' என்று அழைத்தார்களாம். மார்கழி விடியற்காலையில் இப்பிரதேசத்தில் புல் நுனியெல்லாம் பனித்துளி நிற்கும். கண்ணுக்கு அழகான அந்தப் பனித்துளிதான் விமானிக்குச் சத்துரு. வெளியே புல்லின்மேல் படிவது போலவே, பாதி காலியான பெட்ரோல் தொட்டிக்குள்ளும் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகப் படிகிறது. அதனால்தான் இரவில் விமானத்தை நிறுத்தும்போது தொட்டியை நிரப்பி வைப்பது நல்ல வழக்கம் என்கிறார்கள். காற்றுக்கு இடமில்லாத இடத்தில் ஈரத்துக்கும் இடமில்லை.

மண்ணெண்ணெய் டின்னின் அடியில் தண்ணீர் தங்கியதையும், அது விளக்கில் ஏறியதும் சுடர் படபடத்து அணைந்ததையும் பழைய இல்லத்தரசிகள் அறிவார்கள். விமானத்திலும் அதே கதைதான். ஒரு லிட்டர் ஜலம் ஒரு கிலோ எடை. விமானப் பெட்ரோலோ முக்கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஆகையால் ஜலம் அடியில் போய்த் தங்குகிறது. தொட்டியின் அடியில் ஒரு சிறு திருகு உண்டு. விமானி ஒவ்வொரு நாளும் முதல் முறை பறப்பதற்கு முன்பும், பெட்ரோல் நிரப்பிச் சற்று நேரம் தெளியவிட்ட பிறகும், அதன் வழியே கொஞ்சம் பிடித்துக் கண்ணாடிக் குவளையில் பார்க்கிறார். இவ்வகைப் பெட்ரோலுக்கு இலேசான நீலச் சாயம் ஏற்றியிருப்பார்கள். ஜலம் நிறமற்ற குமிழாக அடியில் நின்றால் தெரிந்துவிடும். குவளை முழுவதும் ஜலமாகவே இருந்தால்தான் அபாயம்! கோடு எதுவும் தெரியாது. எல்லாம் தெளிவாக இருப்பதாகத் தோன்றும். ஆகவே நிறத்தைப் பார்க்க வேண்டும், முகர்ந்தும் பார்க்க வேண்டும்.

ஓசூரில் இவ்வளவு போதும். உறைபனி விழும் ஊரில் போதாது. அப்படிப்பட்ட ஊர் நம் தேசத்திலேயே இருக்கிறது. 1948 மே 24-ந் தேதி மெஹர் சிங் என்னும் வீரர் ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு டக்கோட்டா விமானத்தை லடாக்கிலுள்ள லே நகரில் இறக்கினார். அது 11,000 அடிக்கு மேற்பட்ட உயரம். அங்கே குளிர்காலத்தில் தண்ணீர் கல்லாகிவிடும். தொட்டிக்குள் ஜலமும் அவ்வாறே உறைந்தால், திருகைத் திறக்கும்போது சுத்தமான பெட்ரோல் மட்டுமே வரும். அல்லது ஒன்றுமே வராது. "ஜலம் இல்லை" என்று நினைத்துப் புறப்பட்டால், பிறகு பனிக்கட்டி வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். அல்லது சூடு பட்டு இளகி, நடு ஆகாயத்தில் யந்திரத்துக்குள் புகும். இதற்குப் பரிகாரம், விமானத்தை முதலில் கதகதப்பான கொட்டகைக்குள் வைத்துப் பனி உருகிய பின் சோதிப்பதே. பெட்ரோலில் கலந்து ஜலம் உறையாமல் தடுக்கும் திரவங்களும் உண்டு.

பெரிய விமானங்களையும் இந்தச் சத்துரு விட்டுவைக்கவில்லை. 2008 ஜனவரி 17-ந் தேதி, பீகிங்கிலிருந்து 152 பேருடன் லண்டன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று, தரை தெரியும் தூரத்தில் இரண்டு யந்திரங்களிலும் வலுவிழந்து, ஓடுபாதைக்கு முன்னாலேயே புல்தரையில் விழுந்தது. தெய்வாதீனமாக ஒருவரும் சாகவில்லை. விசாரணையில், எண்ணெயில் குற்றமில்லை, அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஜலமும் இல்லை என்று தெரிந்தது. நெடுந்தூரக் குளிரில் அந்த அற்ப ஈரமே குழாய்களில் பனியாகப் படிந்து, இறங்கும் சமயத்தில் ஒன்றாகப் பெயர்ந்து வந்து எண்ணெய் செல்லும் வழியை அடைத்ததாக முடிவு கட்டினார்கள். பிறகு அந்தப் பாகத்தின் அமைப்பையே மாற்றினார்கள்.

இன்று நம் குடும்பத்துப் பிள்ளைகளும் பெண்களும் விமானம் ஓட்டக் கற்கப் புறப்படுகிறார்கள். ஓசூர் மேட்டில் கற்றாலும் லடாக்கில் ஓட்டினாலும் அவர்கள் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு. குவளையில் ஜலம் தெரியவில்லை என்பது ஒரு செய்தி. தொட்டியில் ஜலம் இல்லை என்பது வேறு செய்தி. குளிர் மிகுந்த காலையில் முன்னதைப் பின்னதாக எடுத்துக்கொள்ளாமல், இன்னும் கால் மணி நேரம் பொறுத்துப் பார்க்கிற பிள்ளைதான் பத்திரமாக வீடு திரும்புவான்.