அம்மாவின் விரல்கள்

பனையோலைப் பெட்டி இழைப்பதில் என் அம்மாவுக்கு நிகராக எங்கள் ஊரில் எவரும் இருந்ததில்லை. ஒரு மாரிகாலத்தில் அவ்விரல்கள் வீங்கின. காலையில் எழுந்தால் நெடுநேரம் கை மடங்காது. தேநீர்க் குவளையை இரு கைகளாலும் ஏந்தவேண்டியதாயிற்று. "வயது போனால் வாதம் வருந்தானே, தம்பி" என்றார். மாணவர்க்கு விஞ்ஞானம் போதிக்கும் நானோ, "ஓம் அம்மா" என்று கூறி, நொச்சியிலை அவித்து ஒத்தடம் கொடுப்பதோடு அமைந்தேன். ஓராண்டு கழிந்தது.

பின்னரே அது முடக்குவாதம் என்றார் வைத்தியர். முதுமையில் மூட்டுத் தேய்வது வேறு, இது வேறு. நம்மைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனமே நம் மூட்டுகளைப் பகையெனக் கருதித் தாக்கும் நோய் இது.

உடலிற் கிருமி புகுந்தால், பெருவிழுங்கிகள் எனும் வெண்குழியங்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. எலிகளில் கட்டிகளை அது அழிக்கக் கண்ட நியூயோர்க் ஆய்வாளர், 1975இல் அதற்குக் கட்டிநசிவுக் காரணி எனப் பெயரிட்டனர்; சுருக்கமாக ரீ.என்.எவ். என்பர். அஃது ஓர் அபாயமணி. அது கேட்டு ஏனைய வெண்குழியங்கள் விரைந்து வரும். அவ்விடம் சிவந்து வீங்கும். கிருமி ஒழிந்ததும் மணி ஓயவேண்டும். முடக்குவாதத்திலோ அஃது ஓய்வதில்லை. நாளடைவில் மூட்டின் என்பும் அரிக்கப்படுகிறது.

இம்மணியை அடக்கிப் பார்க்கத் துணிந்தவர்கள் இலண்டனிற் பணியாற்றிய மார்க் பெல்ட்மனும், பஞ்சாபின் லூதியானாவிற் பிறந்த இரவீந்தர் மைனியும் ஆவர். 1992இல் சாறிங் குறொஸ் வைத்தியசாலையில் அவர்கள் தொடங்கிய சோதனையில், 20 நோயாளர்க்கு இப்புரதத்தைத் தடுக்கும் மருந்து ஏற்றப்பட்டது. சில வாரங்களிலேயே வலியும் வீக்கமும் தணிந்தன. எனினும் காவலனின் வாயை அடைப்பதில் ஆபத்தும் உண்டு. உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய் விழித்துக்கொள்ளக்கூடும். ஆதலால் அந்நோய் உளதா எனச் சோதித்த பின்னரே இம்மருந்தை அளிப்பர்.

அம்மாவுக்கு அம்மருந்து தேவைப்படவில்லை. வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மெதோட்ரெக்சேற் எனும் பழைய மாத்திரையே போதுமாயிற்று. வீக்கம் வடிந்தது, வலி குறைந்தது. ஆனால் வளைந்துவிட்ட இரு விரல்கள் மட்டும் நிமிரவில்லை. அரிக்கப்பட்ட என்பை மாத்திரை மீட்டுத் தராது. அந்த ஓராண்டை வீணாக்கியவன் நானன்றோ!

இன்று பேத்தி ஓலை இழைக்கிறாள். அம்மா அருகிருந்து சொல்லிக்கொடுக்கிறார். அவர் என்னைக் குறைகூறியதே இல்லை. உங்கள் வீட்டில் எவரேனும், "காலையில் விரல் மடங்குதில்லை" என்று சொன்னால், வயதின்மேற் பழியைப் போட்டு வாளாவிராதீர்கள். அந்த வாரத்திலேயே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.