மூச்சை எண்ணிப் படிக்கும் வகுப்பு

பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் தங்கி எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில், மூச்சை எண்ணுவதற்கு ஒரு விதி வருகிறது. எண்ணிக்கையை ஐந்துக்கு முன் நிறுத்தக் கூடாது, பத்தைத் தாண்டவும் கூடாது, நடுவில் எண் விட்டுப்போகவும் கூடாது. காரணத்தையும் அவரே சொல்லிவிடுகிறார். ஐந்துக்குள் முடித்தால், இடம் போதாத தொழுவத்தில் அடைத்த மாடுகளைப்போல் மனம் முட்டிமோதும். பத்துக்கு மேல் போனால் மனம் எண்ணைப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டுவிடும். சமயவியல் வகுப்பில் இந்தப் பகுதியைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னால், தேரவாதத்தின் பட்டியல் போடும் பழக்கம், மடாலய ஒழுக்கம், எண்களின் குறியீட்டுப் பொருள் என்று மாணவர்கள் எழுதித் தருவார்கள். எல்லாம் மதிப்பெண் பெறத்தக்க எழுத்துதான். அதே மாணவர்களைப் பத்து நிமிடம் உட்காரவைத்து எண்ணச் சொல்லிவிட்டு மறுபடி வாசிக்கக் கொடுத்தால் கேள்வி மாறுகிறது. எண் பத்தைத் தாண்டித் தானாக ஓடுகிறது, மூச்சு எப்போது கைநழுவியது என்று தெரியவில்லை. இதைத்தான் இவர் சொல்கிறாரா என்று கேட்பார்கள். குறியீடாகத் தெரிந்த வரி செய்முறைக் குறிப்பாகத் தெரிய ஆரம்பிக்கிறது. பல்கலைக்கழகத்தில் தியானத்துக்கு இடம் உண்டா என்ற நெடுநாள் வழக்கில் என் வாதம் இந்தச் சிறிய மாற்றத்தை மட்டுமே நம்பி நிற்கிறது.

நிஜமாகவே நீதிமன்றம் வரை போன விஷயம் இது. 1963இல் ஆபிங்டன் பள்ளி மாவட்டத்துக்கும் ஷெம்ப் குடும்பத்துக்கும் இடையிலான வழக்கில், அரசுப் பள்ளிகளில் வழிபாடாக பைபிள் வாசிப்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. சமயத்தைப் பற்றி விலகி நின்று கற்பிப்பதற்குத் தடையில்லை என்றும் சொன்னது. அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் சமயவியல் துறைகள் பெருக இந்த இரண்டாவது பகுதி பெரிய துணையாக இருந்தது. இங்கிலாந்தில் நினியன் ஸ்மார்ட் 1967இல் லங்காஸ்டரில் தொடங்கிய துறையும், எந்தச் சமயம் உண்மை என்ற தீர்ப்பை வகுப்புக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தது. இந்திய அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையங்களில் சமய போதனையை விலக்குகிறது. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சமய போதனை வேறு, சமயங்களைப் பற்றிய கல்வி வேறு என்று பிரித்தது. இந்தக் கோடுதான் எங்கள் துறைக்குச் சோறு போட்டது. தியானம் மனதுக்கு நல்லதாயிற்றே, வகுப்பிலேயே செய்துவிட்டுப் போகட்டுமே என்று அதை அலட்சியமாகத் தாண்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மனதுக்கு நல்லது செய்வதற்கு வளாகத்தில் ஆலோசனை மையம் இருக்கிறது. வகுப்பில் ஒன்றைச் செய்ய வேண்டுமானால் அது படிப்புக்கு உதவ வேண்டும். கோட்டைக் காப்பவர்களுக்கும் ஒரு சொல்: ஸ்மார்ட் சமயத்தின் பரிமாணங்களை வகுத்தபோது சடங்கு, கதை, கோட்பாடு ஆகியவற்றோடு அனுபவத்தையும் சேர்த்தார். அந்த ஒன்றை மட்டும் அச்சிட்ட தாளை வைத்தே அறிந்துவிடலாம் என்று நாம்தான் முடிவு செய்துகொண்டோம்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள பிரவுன் பல்கலைக்கழகம் 2014இல் தியானவியலை இளங்கலை முதன்மைப் பாடமாக ஏற்றது. அதை முன்னின்று உருவாக்கிய ஹரால்ட் ரோத் பழைய சீனப் பிரதிகளின் பாடபேதங்களில் ஊறியவர். தியான ஆசிரியர் ஒருவர் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிட்டார் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. அங்கே பிரதி வாசிப்பும் விவாதமும் ஒரு பக்கம் நடக்க, அந்தப் பிரதிகள் சொல்லும் பயிற்சிகளைச் செய்துபார்க்கும் தியான ஆய்வகம் இன்னொரு பக்கம் நடக்கும். செய்துபார்ப்பவர் எதையும் நம்ப வேண்டியதில்லை. தம்முள் நடப்பதை ஆய்வாளரின் சந்தேகத்தோடு கவனிப்பதே அங்கே கேட்கப்படுவது. 1999இல் வெளிவந்த தம் நூலில் ரோத், குவான்ஸி தொகுப்பில் உள்ள நெய்யே என்ற சிறு நூலை மூச்சுப் பயிற்சியை அடியாகக் கொண்ட பிரதியாக வாசித்தார். அதற்கு முன் அரசியல், தத்துவத் தொகுப்பு ஒன்றின் மூலையில் கிடந்த செய்யுள்கள், உடலை நேராக்குவது, மூச்சைச் சீராக்குவது, மனத்தை நிலைநிறுத்துவது என்ற வரிசையில் பொருள் தர ஆரம்பித்தன. இந்த முறையின் பலமும் ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கின்றன. உட்கார்ந்து பழகிய கண்ணுக்கு உட்காருவதைப் பற்றிய வரிகள் சட்டென்று தெரியும். உட்காருவதைப் பற்றியே பேசாத வரிகளும் அப்படியே தெரியக்கூடும். இன்றைய ஜென் மண்டபத்தின் நிழல் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிரதிமேல் விழாமல் பார்த்துக்கொள்ள இலக்கணமும் வரலாறும்தான் உதவும், தியானம் உதவாது. ஆகவே ஆய்வகத்தில் தோன்றியதை ஊகமாக மட்டும் எடுத்துக்கொண்டு பிரதியிடம் திரும்ப வேண்டும். பிரதி மறுத்தால் ஊகம் போக வேண்டும்.

இந்த முறைக்கு எதிரான வாதங்களில் கூர்மையானது பௌத்தவியல் ஆய்வாளர் ராபர்ட் ஷார்ஃப் 1995இல் எழுதியது. பௌத்தத்தின் உயிர் தியான அனுபவத்தில் இருக்கிறது என்ற எண்ணமே நவீன காலத்துப் படைப்பு என்றார் அவர். பழைய மடாலயங்களில் பெரும்பாலான பிக்குகள் ஓதினார்கள், சடங்கு செய்தார்கள், விநயம் என்ற துறவு விதிகளைக் காத்தார்கள். இல்லறத்தார் திரளாகத் தியானம் செய்வது, பர்மாவில் லெடி சயாடோ, மகாசி சயாடோ போன்றோர் வழியாக அண்மைக் காலத்தில் பரவிய வழக்கம். இதற்கு மேல் 1979இல் ஜான் கபட்-ஸின் மாசச்சூசெட்ஸ் மருத்துவமனையில் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புத் திட்டம் வேறு வந்து சேர்ந்தது. ஆகவே பத்து நிமிடம் உட்கார்ந்த மாணவர் புத்தகோசரின் காலத்தைத் தொடவில்லை, தம் காலத்தையே தொட்டுவிட்டுத் திரும்புகிறார் என்பது குற்றச்சாட்டு. அதை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் அது, தியானம் செய்தவருக்கே பௌத்தம் புரியும் என்று பெரிதாக உரிமை கோருபவர்களைத்தான் வீழ்த்துகிறது. எண் பத்தைத் தாண்டியதா என்பது பேரனுபவம் ஒன்றுமில்லை. யாரும் செய்துபார்த்துச் சொல்லக்கூடிய, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடக்கூடிய சின்னத் தகவல். சுரக்குறிப்பைப் பாடிப்பார்க்காமல் வாசிப்பவருக்கும் தப்பும்தவறுமாகவாவது பாடிப்பார்த்தவருக்கும் உள்ள வேறுபாடு அளவுக்கே நான் கேட்கிறேன். சரியாகப் பாட வராது; எந்த இடம் கடினம் என்பது தெரியும். ஷார்ஃபின் வாதத்தையே வகுப்பில் உணர்த்தவும் இது உதவும். உட்கார்ந்து எழுந்தவர்கள் மனம் லேசானது என்று எழுதினால், விசுத்திமக்கத்தில் அந்தப் பகுதி அப்படி ஏதாவது வாக்களிக்கிறதா என்று தேடச் சொல்லலாம். மனம் லேசாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது அவர்களே கேட்டுக்கொள்வார்கள். புத்தகோசரே உட்கார்ந்து எண்ணினாரா, பழைய சிங்கள உரைகளைத் தொகுத்ததோடு சரியா என்ற கேள்விக்கு மட்டும் எந்த ஆய்வகமும் விடை தராது. (அவர் காஞ்சிபுரத்தில் தங்கியதை அவர் பெயரிலுள்ள உரையின் முடிவுரை ஒன்று சொல்கிறது. தமிழ்நாட்டுச் சமயவியல் மாணவர்களுக்கு அவர் அந்நியர் அல்லர்.)

எதைச் செய்துபார்ப்பது என்பதில்தான் தொழில் தெரிந்தவரின் பொறுப்பு அதிகம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் பிராணாயாமத்துக்கு 16, 64, 32 என்று மாத்திரைக் கணக்குத் தருகிறது: உள்ளிழுப்பது, நிறுத்துவது, வெளிவிடுவது. வகுப்பில் அந்தக் கணக்கைப் பேசலாம். 64 மாத்திரை மூச்சை நிறுத்து என்று ஒரு விரிவுரையாளர் மாணவரிடம் சொல்லக் கூடாது. அந்த மரபே குருவின் கண்பார்வையில் வைத்த வேலை அது. சமய, விசேட, நிர்வாண தீட்சைகளைக் கடந்து சைவர் பெறும் பயிற்சிகளும் அப்படித்தான். மரபு தானே பூட்டி வைத்ததைப் பாடத்திட்டத்தின் பெயரில் திறப்பது ஆய்வாகாது. பூட்டாததிலிருந்து எடுக்கும்போதும் இன்னொரு சாய்வு உண்டு. தியான ஆய்வகங்கள் பெரும்பாலும் அமைதியாக உட்காரும் பயிற்சிகளையே நாடுகின்றன, அதிலும் பௌத்தத்தையே. இதனால் சமயம் என்றாலே கண்மூடி உட்காருவது என்று மாணவர்கள் எண்ணிவிடக்கூடும். திருவிழாவும் ஊர்வலமும் விரதமும் கணக்கில் வராமல் போகும். பயிற்சிகளைச் சமயங்கள் முழுவதிலிருந்தும் எடுத்தாக வேண்டும். 12ஆம் நூற்றாண்டுக் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ எழுதிய ஏணி, வாசிப்பிலிருந்து சிந்தனைக்கும், மன்றாட்டுக்கும், ஆழ்ந்த காட்சிக்கும் படிபோடுகிறது. முதல் படியை யாரும் ஏறலாம்: ஒரு சிறு பகுதியை வாய்விட்டு, மெதுவாக, திரும்பத் திரும்ப வாசிப்பது. ஓதுவார் மரபில் பதிகத்தை மனப்பாடம் செய்வதும் வகுப்புக்குள் வரக்கூடியதே. ஒரு பாடலை ஏட்டைப் பாராமல் சொல்ல வந்த பிறகு அதன் அமைப்பைப் பற்றி எழுதும் கட்டுரை வேறு தரத்தில் இருக்கும்.

ஆபத்து இல்லையா என்று கேட்பவர்களுக்கு நேரான பதில்: உண்டு. பிரவுனிலேயே வில்லபி பிரிட்டனும் ஜாரெட் லிண்டாலும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, மேற்கத்திய பௌத்தப் பயிற்சியாளர்களை நேர்கண்டு 59 வகை அனுபவங்களைப் பதிவுசெய்தது. அச்சம், தூக்கமின்மை, ஒளியும் ஒலியும் தாங்க முடியாமை எல்லாம் அதில் அடக்கம். பெரிய முகாம்களில் மட்டும் நடப்பது என்றும் ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியாது. கண்ணைத் திறந்தே இருக்கலாம், எழுந்து போகலாம், காரணம் கேட்க மாட்டோம் என்று முதல் நாளே சொல்லாத ஆசிரியர் அந்த வகுப்பை எடுக்கக் கூடாது.

மீதி இருப்பது மதிப்பெண். 1970களில் நியூ ஜெர்சி அரசுப் பள்ளிகளில் ஆழ்நிலைத் தியானம் ஓர் அறிவியல் என்ற பெயரில் பாடமாகக் கற்பிக்கப்பட்டது. மந்திரம் கொடுக்கும்போது நடத்திய சமஸ்கிருத பூஜையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் அதை 1977இல் தடுத்தது. மேல்முறையீட்டிலும் 1979இல் அது நிற்கவில்லை. அறிவியல் என்று பெயர் வைத்ததால் சடங்கு மறைந்துவிடவில்லை. அதே தவறு மதிப்பெண் வழியாகவும் நுழையும். மனம் அடங்கியது என்று எழுதுபவருக்கு ஒரு மதிப்பெண் கூடினாலும் மாணவர்கள் மனம் அடங்கியதாகவே எழுதுவார்கள். அதன்பின் ஆய்வகக் குறிப்பேடு பக்திச் சான்றிதழ்தான். பயிற்சிக்கு வராதவருக்கு அதே பிரதியில் வேறொரு வாசிப்பு வேலை தர வேண்டும், அதற்கும் சம மதிப்பு வேண்டும். அமர்ந்தவருக்கும் அமராதவருக்கும், பிரதியைப் பற்றி அவர்கள் எழுதுவதற்கு மட்டுமே மதிப்பெண். இந்த நிபந்தனையை ஏற்காத துறை தியான ஆய்வகம் தொடங்காமல் இருப்பதே நல்லது.