மிதித்தால் மட்டும் உதறுகிறது

பொள்ளாச்சியில் 22 வருடமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு நான் செய்ததை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

அவருடையது சின்ன கார், முன்சக்கரம் இழுக்கிற வண்டி. மகள் வால்பாறையில் இருப்பதால் மாதம் ஒருமுறை மலையேறுவார். "தம்பி, ஆக்சிலேட்டரை மிதிச்சா வண்டி உதறுது. காலை எடுத்தா நின்னுடுது. ஆழியாறு தாண்டி மேலே ஏறுறப்ப ரொம்ப ஜாஸ்தி" என்றார். அவர் சொன்னதிலேயே எல்லாம் இருந்தது. நான்தான் பாதியில், "வீல் பேலன்சிங் போயிருக்கும் சார், வண்டியை விட்டுட்டுப் போங்க" என்றேன்.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காலை எடுத்தால், அந்த நொடியிலும் சக்கரம் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. பேலன்சிங் கோளாறு என்றால் காலை எடுத்த பிறகும் உதற வேண்டும். மிதிக்கும்போது மட்டும் உதறுகிறது என்றால், இன்ஜின் இழுக்கும் பாரம் எங்கே விழுகிறதோ அங்கே பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட். வேலைக்கு வருகிற பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

வண்டியை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல் பேலன்சிங் செய்தேன். உதறல் போகவில்லை. முன்டயர் இரண்டையும் மாற்றச் சொன்னேன். அதற்கும் போகவில்லை. இன்ஜின் மவுண்டிங் ஒன்றை மாற்றினேன். 'பிடிபடவில்லை சார், ஒருநாள் டைம் கொடுங்க' என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த வண்டியில்தான் அவர் மனைவியோடு வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கினார். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

நாலாவது தடவை வந்தபோதுதான் ஒழுங்காக அடியில் படுத்துப் பார்த்தேன். இடதுபக்க உள் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையின் கிளிப் தளர்ந்து, கியர்பாக்ஸ் ஓரமெல்லாம் கிரீஸ் தெறித்துக் கிடந்தது. ஷாஃப்டைக் கழற்றி, ஜாயின்ட்டின் கப்பைத் துடைத்து, உள்ளே விரலை விட்டேன். மூன்று ரோலர் ஓடுகிற மூன்று பள்ளங்களில் ஒன்றில் என் கட்டைவிரல் நகம் தட்டி நின்றது. வழவழவென்று இருக்க வேண்டிய இடம் குழிந்திருந்தது. பாரம் விழும்போதெல்லாம் ரோலர்கள் அந்தத் தேய்மானத்தில் சிக்கிச் சிக்கி ஷாஃப்டைப் பக்கவாட்டில் தள்ளியிருக்கின்றன. காலை எடுத்தால் தள்ளுகிற பாரமே இல்லை. வாத்தியார் சொன்னதும் அதைத்தானே.

இதுவரைக்கும் நடந்ததை அசட்டை என்று சொல்லலாம். அதற்குப் பிறகு நான் சொன்னது பொய். "ஜாயின்ட்டும் இப்பப் புதுசா போயிடுச்சு சார்" என்றேன். அவர் கேள்வியே கேட்காமல் அதற்கும் பணம் கொடுத்தார். வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இப்பத்தான் நிம்மதியா இருக்கு தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கையில் கிரீஸ் இருந்ததையும் அவர் பார்க்கவில்லை.

தேவையில்லாமல் வாங்கவைத்த இரண்டு டயர், ஒரு மவுண்டிங், மூன்று தடவை கூலி. பில் புத்தகத்தைப் புரட்டிக் கூட்டினால் 14,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. கழற்றிய பழைய மவுண்டிங் இன்னும் டிராயரில் இருக்கிறது. ரப்பரில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

அடுத்த வாரம் ஆயில் மாற்ற வருகிறார். அந்த மவுண்டிங்கையும் பில் புத்தகத்தையும் எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன்.