துணியில் வார்த்த இறக்கைகள்

வைகாசி பிறந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைகிற காற்று புரட்டாசி வரை ஓய்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே இறங்கி முடிகிற இடத்தில், குன்றுகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துப் புகுகிறது. அந்தக் காற்றை நம்பித்தான் 1990களில் முப்பந்தலிலும் சுற்றுப்புறத்திலும் காற்றாலைகளை வரிசை வரிசையாக நட்டார்கள். இசக்கியம்மனைக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால் தெரிவது அவைதான். சுற்றுகிறதா, நிற்கிறதா என்பதோடு நம் பார்வை முடிந்துவிடுகிறது. அந்த இறக்கைகளுக்கும் காயம் படும் என்பதும், அதற்கு வைத்தியம் பார்க்க இங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதும் எனக்கு நெடுநாள் தெரியாது.

நான் போனது பங்குனியில். காற்று அடங்கிக் கிடக்கும் அந்தச் சில மாதங்கள்தான் இவர்களுக்கு வேலைக்காலம். நெடுஞ்சாலையை விட்டு விலகி, பனைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. உள்ளே மூன்று இறக்கைகள், பழைய லாரி டயர்களின்மேல் கிடத்தியிருந்தன. ஒவ்வொன்றும் 13 மீட்டர் நீளம். மேலே சுற்றும்போது மெலிதாகத் தெரிவது, தரையில் கிடக்கும்போது அடிப்பக்கம் ஒரு ஆள் குனிந்து உள்ளே தலையை விடலாம் போல இருக்கிறது. வேலைக்காரர்கள் ‘பிளேடு’ என்கிறார்கள். ஒரு இயந்திரத்தின் மூன்றும் சேர்ந்தால் ‘செட்’.

அங்கே பொறுப்பாக இருந்தவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். கடற்கரை ஊர்க்காரர். ஃபைபர் வள்ளம் செய்யும் கொட்டகையில் தொடங்கி, அங்கிருந்து இந்த வேலைக்கு வந்தவர். ‘அண்ணாச்சி’ என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். கையில் ஒரு நாணயம் வைத்திருந்தார். இறக்கையின் மேல்புறம் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே நடந்தார். டக், டக் என்று ஒரே சீராக வந்த ஒலி ஓரிடத்தில் பொத்தென்று மாறியது. பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோலத்தான். அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார்.

“வெளியே பெயிண்டு ஒரு கீறல் இல்லாம இருக்கு, பாத்தியளா சாரே? உள்ளே ஒட்டு விட்டிருக்கு. இத விட்டா ஆடிக் காத்துல தொறந்திரும்.”

அடுத்து நடந்ததைப் பார்க்கப் பொறுமை வேண்டும். இந்த இறக்கை முழுவதும் துணிதான். கண்ணாடி இழையில் நெய்த துணியை அடுக்கடுக்காக விரித்து, ரெசினில் ஊறவைத்து இறுக வைத்தது. ஆகவே பழுதும் அடுக்கடுக்காகத்தான் பிரியும். ஒரு இளைஞர் கிரைண்டரால் கெட்டுப்போன அடுக்குகளைத் தேய்த்து எடுத்தார். செங்குத்தாகக் குழி தோண்டக் கூடாது. விளிம்பிலிருந்து நடுப்பகுதிக்கு மெல்ல மெல்லச் சரிந்து இறங்க வேண்டும். தேய்த்து முடித்தபோது ஒவ்வொரு அடுக்கின் ஓரமும் வளையம் வளையமாகத் தெரிந்தது. பிறகு அதே எண்ணிக்கையில் புதுத் துணி, ஒன்றைவிட அடுத்தது சற்றுப் பெரிதாக வெட்டி வைக்கிறார்கள். துணியின் இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதில்தான் வித்தை இருக்கிறது. இறக்கையின் நீளவாக்கில் ஓடும் இழை வளைவைத் தாங்குகிறது. குறுக்குச் சாய்வாக ஓடும் இழை முறுக்கைத் தாங்குகிறது. பழைய அடுக்கில் எந்தத் திசையோ அதே திசையில் புதியதும் படுக்க வேண்டும். இளைஞர் ஒரு துண்டைத் திருப்பி வைக்கப் போனபோது அண்ணாச்சி, “மக்கா, இழையப் பாரு” என்று மட்டும் சொன்னார். இளைஞர் உடனே எடுத்துத் திருப்பி வைத்தார்.

ரெசின் கலப்பதை அண்ணாச்சி யாரிடமும் விடவில்லை. பாலியெஸ்டர் ரெசினில் முதலில் கோபால்ட்டைக் கலந்து நன்றாகக் கிண்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கேட்டலிஸ்ட். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றில் ஒன்று ஊற்றினால் தீப்பிடித்து வெடிக்கும். இரண்டு பாட்டில்களும் கொட்டகையின் இரண்டு மூலைகளில் இருந்தன. கலந்த பிறகு கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். பிரஷ்ஷால் தடவி, ரோலரை ஓட்டி, துணிக்குள் மாட்டிய காற்றுக் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றுகிறார்கள். வெள்ளையாக இருந்த துணி ரெசின் குடித்ததும் கண்ணாடியாகத் தெளிந்துவிடுகிறது. எங்காவது வெள்ளை மிச்சம் நின்றால் அங்கே காற்று நிற்கிறது என்று பொருள்.

பழைய சிறு விமானங்களின் இறக்கைகளைப் பற்றி எனக்கு வெகுநாள் ஈடுபாடு உண்டு. 1935இல் டாடாவின் ஃபாக்ஸ் மாத் விமானம் தபாலோடு திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியபோது, இந்த நாஞ்சில் நாடும் அதே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது. மரச் சட்டத்தின்மேல் துணியை இழுத்துப் போர்த்திய இறக்கை அதற்கு. துணியை விலா எலும்புச் சட்டங்களோடு சேர்த்து ஊசிநூலால் தைப்பார்கள். தையல்மேல் நாடா ஒட்டுவார்கள். ‘டோப்’ என்ற பசையைப் பல பூச்சுப் பூசினால் துணி முரசுத்தோல் அளவுக்கு விறைத்துக்கொள்ளும். வெயில் துணியை அரிக்காமல் இருக்க அலுமினியப் பொடி கலந்த பூச்சும் உண்டு. 1958இல் முதன்முதல் பறந்த நம் எச்.ஏ.எல். புஷ்பக் வரை இந்தத் துணிவேலை தொடர்ந்தது. கொட்டகையில் நின்றபோது எனக்கு அந்த விமானக் கூடங்கள்தான் நினைவில் ஓடின. அங்கே துணி, சட்டத்துக்குத் தோலாக மட்டும் இருந்தது. இங்கே துணியே தோலும் எலும்பும். மற்றபடி அதே கை, அதே காது, அதே வெயில் பயம். இங்கும் மேலே வெள்ளை ஜெல்கோட் பூசுவது வெயிலிலிருந்து காக்கத்தான்.

இன்னொரு ஒற்றுமை என்னை நிறுத்தி வைத்தது. துணி விமான இறக்கையின் அடிப்புறத்தில் சிறுசிறு வடிதுளைகள் வைப்பார்கள். உள்ளே சேரும் ஈரம் வெளியேறாவிட்டால் மரம் உளுத்துவிடும். காற்றாலை இறக்கையின் நுனியிலும் அப்படி ஒரு துளை இருக்கிறது. அண்ணாச்சி ஒரு கம்பியை விட்டுக் குடைந்தார். செம்மண் கட்டியாக வந்தது. உள்ளே தண்ணீர் நின்றிருக்கும்போது இடி விழுந்தால், நொடியில் அது நீராவியாகி இறக்கையைப் பிளந்துவிடும். ஐப்பசி மழையில் அப்படிப் பிளந்த ஒன்று கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது. நுனியிலிருந்து இரண்டு ஆள் நீளத்துக்கு விரிந்து, உள்ளே துணி அடுக்குகள் தாள் தாளாகப் பிரிந்து நின்றன.

இந்த இறக்கைகள் படும் பாட்டை ஒரு கணக்கு சொல்லிவிடும். 27 மீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 43 சுற்று என்று வைத்தால் நுனி மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. துணி இறக்கை கொண்ட டைகர் மாத் விமானத்தின் உச்ச வேகமே 175 கிலோமீட்டர் அளவுதான். நுனி போகும் வேகத்தில் மழைத்துளியும் மணலும் முன்விளிம்பில் மோதினால் ஜெல்கோட் போய், துணி தெரிந்து, விளிம்பு சொரசொரப்பாகிவிடும். பூச்சிகளும் சாமானியமில்லை. விளிம்பில் ஒட்டிய பூச்சிகளால் பலத்த காற்றில் மின்சாரம் பாதியாகக் குறையலாம் என்று 2001இல் ‘நேச்சர்’ இதழில் டச்சு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அண்ணாச்சியின் ஆட்கள் முன்விளிம்பைப் பட்டி வைத்துத் தேய்த்து, அதன்மேல் பாலியூரித்தேன் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். உப்புத்தாளைக் கையால்தான் ஓட்டுகிறார்கள். வளைவு கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் உள்ளங்கையால் தடவிப் பார்த்துத்தான் விடுகிறார்கள்.

வள்ளத்திலிருந்து காற்றாலைக்கு வந்தது அண்ணாச்சி மட்டுமில்லை. டென்மார்க்கில் எல்.எம். கம்பெனி மரச்சாமான் பட்டறையாகத் தொடங்கி, கண்ணாடி இழை வேலைக்கு மாறி, படகுகளெல்லாம் செய்த பிறகு, 1978இல்தான் காற்றாலை இறக்கைக்கு வந்தது. கடலுக்குக் கட்டத் தெரிந்தவர்களுக்குக் காற்றுக்குக் கட்டுவது தொலைவில்லை. தமிழ்நாட்டிலும் ஒரு முன்கதை உண்டு. 1970களின் தொடக்கத்தில் மார்க்கஸ் ஷெர்மன் என்ற அமெரிக்கர் மதுரைப் பக்கம் ஒரு காற்றாலை கட்டினார். மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்று, அதில் கட்டிய மூன்று மூங்கில், மூங்கிலில் இழுத்துக் கட்டிய துணிப் பாய். தண்ணீர் இறைக்க அது போதுமாக இருந்தது. இதைச் சொன்னதும் அண்ணாச்சி சிரித்துக்கொண்டு கேட்டார்: “பாயில்லா? எங்க அப்பன் மரத்துல கட்டின பாயி. நம்ம வேல அப்பவே இருந்திருக்கு.” அவர் சொன்ன மரம், கட்டுமரம்.

கண்ணாடித் தூள் உடம்பில் பட்டால் அரிப்பு இரவு வரை போகாது. முகமூடியும் கையுறையும் இருந்தன. பங்குனி வெயிலில் தகரத்துக்குக் கீழே அவற்றை நாள் முழுவதும் போட்டிருப்பது லேசான காரியமில்லை. காற்றாலை முதலாளிகள் கிரேன் வாடகையைக் கணக்குப் பார்க்கிறார்கள். ஒரு மின்விசிறிக் குழாய் வைத்துத் தூளை உறிஞ்ச ஏற்பாடு செய்வதற்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். இந்தத் தூள் நுரையீரலுக்குள் போகிற தூள்.

பழைய இயந்திரங்களுக்குப் புது இறக்கை கிடைப்பது அரிது. இத்தகைய இயந்திரங்களைச் செய்த மைக்கான் கம்பெனி 1997இல் நார்ட்டாங்கோடு சேர்ந்து நெக் மைக்கான் ஆயிற்று. 2004இல் அதுவும் வெஸ்டாஸில் கலந்துவிட்டது. ஆகவே ஓடுகிற இறக்கையைப் பழுதுபார்த்தால்தான் உண்டு. இல்லையென்றால் கழித்த இயந்திரத்திலிருந்து கழற்றி மாட்ட வேண்டும். 2024இல் தமிழக அரசு பழைய காற்றாலைகளை மாற்றவும், புதுப்பிக்கவும், ஆயுளை நீட்டிக்கவும் ஒரு கொள்கை வெளியிட்டது. நல்ல காற்று வீசும் இடத்தைச் சிறு இயந்திரங்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பது உண்மைதான்; பெரியவை வரட்டும். வரும்போது அவற்றின் இறக்கையும் இதே துணியும் ரெசினும்தான். இழையின் திசை தெரிந்த இந்தக் கைகளைக் கூலிக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், நாகர்கோவில் கோணம் அரசு ஐ.டி.ஐ.யில் இதை ஒரு தொழிற்பிரிவாக்கி, அண்ணாச்சி போன்றவர்களைப் பயிற்றுநராக உட்காரவைத்தால் என்ன? கிரைண்டர் பிடித்த அந்த இளைஞரிடம் இந்த வேலைக்கான சான்றிதழ் எதுவும் கிடையாது. பெரிய கம்பெனி வாசலில் முதலில் கேட்பது அதைத்தான்.

மாலையில் எடை பார்த்தார்கள். ஒட்டுப்போட்ட இறக்கை மற்ற இரண்டைவிடக் கனமாகிவிட்டிருந்தது. மூன்றும் ஒன்றுக்கொன்று சமனாக இல்லாவிட்டால் சுற்றும்போது கோபுரமே ஆடும். மொத்த எடை மட்டுமல்ல, அந்த எடை அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் சமனாக வேண்டும். அடியில் ஒரு தாங்கி, நுனிப்பக்கம் ஒரு தராசு. அண்ணாச்சி அளவைக் கார்பன் வைத்த நோட்டில் எழுதினார். மற்ற இரண்டின் நுனி அறைக்குள்ளும் ஈயக்குண்டுகளை ரெசினில் கலந்து ஊற்றச் சொன்னார். இளைஞர் குண்டுகளை நிறுக்கப் போனார். கிரேன் வெள்ளிக்கிழமை வருகிறது. அதற்குள் ரெசின் முழுதாக இறுகியிருக்க வேண்டும்.