தின்னர் எல்லாம் ஒன்றல்ல



இந்த வாரம் ஒரு சிறிய கப்பலைக் குறித்தும், நான் அதற்குச் செய்த சேதத்தைக் குறித்தும் உங்களுக்கு எழுதுகிறேன்.

டோல்கேட்டில், நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் வசிக்கும் எங்கள் சபைப் பிள்ளை ஒருவன், ஓராண்டாகச் சேர்த்த பணத்தில் எம்டன் கப்பலின் பிளாஸ்டிக் மாதிரியை வாங்கினான். 118 மீட்டர் நீளமிருந்த போர்க்கப்பல், 350இல் ஒரு பங்காகச் சுருங்கி 34 சென்டிமீட்டர் அளவில் பெட்டிக்குள் இருந்தது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு நம் துறைமுகத்தின் முன் வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திச் சென்ற அதே எம்டன்தான். அடங்காத பிள்ளையை 'எம்டன்' என்று பெரியவர்கள் ஏசுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சமாதான காலத்தில் அது வெள்ளை நிறம் பூண்டிருந்ததால் 'கிழக்கின் அன்னம்' எனப்பட்டது. போர் தொடங்கியதும் சாம்பல் நிறம் பூசினார்கள். பிள்ளைக்கு அந்தச் சாம்பல் நிறமே வேண்டும்.

அவனுடைய தாயார் ஒரே நிபந்தனை விதித்திருந்தார்: வீட்டில் தின்னர் வாசனை வரக்கூடாது. காரணம் உண்டு. தகப்பனார் இருபது ஆண்டுகள் டிங்கரிங் பட்டறையில் வண்டிகளுக்கு ஸ்பிரே அடித்தவர். மூக்கில் கைக்குட்டை கட்டியதே அவருக்கிருந்த பாதுகாப்பு. இப்போது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. கன்னை இனித் தொடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே பிள்ளை தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைத் தேர்ந்தெடுத்தான். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்து அடித்துக்கொள்ளும்படி நானே இடம் கொடுத்தேன்.

ஏர்பிரஷின் வாய் 0.3 மில்லிமீட்டர். புட்டியிலிருந்த கெட்டியான வண்ணம் அதில் இறங்கவில்லை. துப்பியது, பிறகு அடைத்துக்கொண்டது. "இதற்குப் போய்க் கலங்குவானேன்?" என்று சொல்லி, கதவுக்கு வார்னிஷ் அடித்தபோது மிஞ்சிய என்.சி. தின்னரை நான் எடுத்துக் கொடுத்தேன். பிள்ளை தயங்கினான். "தின்னர் தின்னர்தான், ஊற்று தம்பி" என்றேன். போதகர் சொன்னால் மறுத்துப் பேசத் தெரியாத பிள்ளை, ஊற்றினான். எலுமிச்சை பிழிந்த பால்போல வண்ணம் திரிந்தது. அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். கப்பலின் பக்கத்தில் தெறித்திருந்த துளிகளைத் துடைப்பதாக எண்ணி, அதே தின்னரில் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்தேன். பிளாஸ்டிக் இளகி, என் கட்டைவிரல் தடம் முன்பகுதியில் பதிந்துபோயிற்று. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் நல்ல வார்த்தைகளைத் தேடினேன். பிரசங்கத்திற்குக்கூட நான் அவ்வளவு ஆயத்தம் செய்வதில்லை. தகப்பனார் கப்பலைக் கையில் வைத்திருந்தார். "தின்னர்னா எல்லாம் ஒண்ணு இல்லீங்கய்யா" என்றார், கோபமில்லாமல். அக்ரிலிக் என்பது தண்ணீரில் மிதக்கும் பிசின் துளிகள். கடுமையான கரைப்பான் பட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும் என்பதைத் தம் பாஷையில் அவர் விளக்கினார். நம் பகுதி போர் தண்ணீரும் ஆகாது, உப்பு படியும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரோ, அந்த வண்ணத்திற்கென்றே விற்கிற தின்னரோதான் வேண்டும். வண்ணம் ஒரு பங்கு, தின்னர் ஒரு பங்கு என்று தொடங்க வேண்டும். ஆனால் அளவை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டும். கிண்ணத்தின் சுவரில் வண்ணத்தை ஏற்றிப் பார்த்தால், பால்போல மெல்லிய படலம் விட்டு இறங்க வேண்டும். திட்டாக நின்றால் கெட்டி. சுவடில்லாமல் வழிந்தால் நீர்த்துவிட்டது. அடித்தால் சிலந்திக்கால்போல ஓடும்.

மே மாத வெயிலில் வண்ணம் காற்றிலேயே உலர்ந்து மணல்போல விழும் என்றும், அதற்கு உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஓரிரு துளி போதும் என்றும் சொன்னார். காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ. சாயங்காலம் கடற்காற்று ஈரத்தோடு வரும்போது கம்ப்ரஸர் குழாயில் நீர் கோத்துக்கொள்ளும்; காலையில் அடிப்பதே நல்லது. எந்த வேதாகமக் கல்லூரியிலும் நான் இவ்வளவு கவனமாகப் பாடம் கேட்டதாக நினைவில்லை.

பட்டி வைத்து, உலர்ந்தபின் உப்புத்தாளால் நனைத்துத் தேய்த்து, என் விரல் தடத்தை அவரே பெரும்பாலும் மறைத்தார். அடுத்த சனிக்கிழமை காலை எங்கள் தாழ்வாரத்திற்கு வந்தார். தாயாரும் உடன் வந்து காவல்போல உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வண்ணமானாலும் அதன் புகைமூட்டம் நெஞ்சுக்கு ஆகாது. ஆகையால் அவர் முகக்கவசம் அணிந்து, ஜன்னலோரம் தள்ளி நின்று கலந்து மட்டும் கொடுத்தார். மகன் அடித்தான். "கையை நிறுத்தாதே, போய்க்கிட்டே இரு" என்ற குரல் மட்டும் அவ்வப்போது வந்தது. ஒருமுறை அவருடைய வலக்கை, காற்றில், இல்லாத ஒரு கன்னைப் பிடித்து இடமிருந்து வலமாக நகர்ந்ததைக் கண்டேன். தாயாரும் கண்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

ஆங்கிலேயக் கப்பலென்று எதிரி ஏமாறுவதற்காக எம்டன் மாலுமிகள் நிறுத்திய போலியான நான்காவது புகைபோக்கியையும் பிள்ளை காகிதத்தில் செய்து ஒட்டியிருக்கிறான். கப்பல் இப்போது அவர்கள் வீட்டு அலமாரியின்மேல் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் முன்பகுதியில் தடம் இன்னும் லேசாகத் தெரியும். நான் போகும் நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.