பாதுகை மலர்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலராசிரியர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய நாம் இலக்கியத்தைப் பற்றியோ புராண படனத்தைப் பற்றியோ எழுதுவோமென்றே அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். மலருக்கு மலரைப் பற்றியே எழுதினாலென்ன என்று எமக்குத் தோன்றிற்று. அதுவும் நம் நாட்டு மலரன்று. பனிக்கட்டியின் கீழ் உறங்கி, அது கரைந்தபின் விழிக்கும் ஓர்க்கிட் மலர். அதனைப் பேணி வளர்த்தவர் இக்கல்லூரியின் பழைய மாணவர், எமது தமையனார். அதனைக் கெடுத்தவரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. அவர் யாரென்பது பின்னர் விளங்கும்.

தமையனார் 1988ஆம் ஆண்டிலே கனடா சென்றவர். கல்லூரியில் உயிரியல் கற்று, பின்னர் ரொறன்ரோ நகரத்துத் தொழிற்சாலையொன்றிலே காலத்தைக் கழித்தவர். எமது அன்னையார் 2008இல் காலமாயினார். ஏ9 வீதி மூடிக்கிடந்த யுத்த காலம் அது. தமையனாரால் வர இயலவில்லை. கொள்ளி வைத்தவர் நாமே. யுத்தம் ஓய்ந்தபின் எம்மிருவருக்குமிடையே வேறொரு யுத்தம் மூண்டது. கூரையிழந்து நின்ற எமது வீட்டைத் திருத்துதற்காக எட்டுப் பரப்பு வளவில் மூன்று பரப்பை விற்போமென்று 2012இல் எழுதினோம். "ஒரு பிடி மண்ணும் விற்கலாகாது" என்று பதில் வந்தது. ஊரிலிருந்து மழைக்கு நனைபவன் ஒருவன், உறவினர்க்குப் படங்காட்டி வளவின் பெருமை பேசுபவன் ஒருவன் என்று நாமும் சற்றுக் கடுமையாகவே எழுதிவிட்டோம். அதன்பின் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து மட்டுமே.

2018ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையோடு சம்பளமற்ற விடுப்பும் பெற்று நாம் ரொறன்ரோ சென்றோம். பெட்டியின் அடியிலே அற்றோணித் தத்துவப் பத்திரமொன்று கிடந்தது. அதிலே கையொப்பம் பெறுவதே பயணத்தின் நோக்கமென்று வெளிப்படையாகச் சொல்லாவிடினும் இரு சாராரும் அறிவோம். சித்திரைப் புத்தாண்டன்று அங்கே உறைமழை பெய்தது. மரக்கிளைகளெல்லாம் கண்ணாடியாற் செய்தனபோல நின்றன. வீட்டுக்குள்ளும் குளிர் அதற்குக் குறைந்ததன்று.

சித்திரை மாதத்தின் நடுப்பகுதியில் வெயில் சற்றே எறித்தது. தமையனார் வேலைக்குப் போயிருந்தார். வீட்டின் பின்புறத்திலே, வேலியோரமாகப் பைன் மரத்தின் ஊசியிலைகள் பரப்பிய ஒரு பாத்தி வெறிதே கிடந்தது. யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு வெறும் பாத்தியைக் காண்பதிலும் பெரிய துன்பம் உண்டோ! தமையனார் வரும்போது சின்ன வெங்காயம் நட்ட பாத்தி அவரை வரவேற்கட்டும், அதனால் அவர் மனமும் இளகட்டும் என்று எண்ணி மண்வெட்டியை எடுத்தோம். மண் விசித்திரமாக இருந்தது. பாதி மணலும், வெண்ணிறப் பொரிபோன்ற பேர்லைட்டும், கொஞ்சம் காட்டு மக்கும். வேர்க்கற்றைகள் வந்தன. களையென எண்ணிக் கொத்தி எறிந்தோம். இரண்டாவது கற்றையும் வந்தபொழுது சமையலறை யன்னலிலிருந்து மச்சாள் அலறிய குரல் இன்றும் எம் காதிலே ஒலிக்கின்றது.

மாலையிலே தமையனார் வந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. உடையையும் மாற்றாமல் மண்ணிலே முழங்காலிட்டு, அறுந்த கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவினார். நசிந்த பகுதியைக் கூரிய கத்தியால் அரிந்து, எஞ்சியவற்றைப் புதுமணலிலே ஓரங்குல ஆழத்தில் வைத்து, வேர்களை விசிறிபோலக் கிடையாகப் பரப்பி மூடினார். ஏசியிருந்தால் நாமும் ஏதாவது சொல்லியிருப்போம். அன்றிரவு மச்சாள்தான் சொன்னார்: "மாமி போனதற்கு அடுத்த வருடம் வைத்தவர், தம்பி. பூக்க ஆறு வருடம் சென்றது."

அந்தச் செடியின் பெயர் சிப்ரிபீடியம். சிப்ரிஸ் என்பது கிரேக்கரின் அழகுத் தெய்வத்துக்கு ஒரு பெயர். பீடிலோன் என்பது காலணி. இதழொன்று பைபோலப் பருத்து, மிதியடியின் முன்பகுதியை ஒத்திருப்பதால் ஆங்கிலேயர் சீமாட்டியின் செருப்பு என்பர். செருப்பென்பது எமக்கு உவப்பாக இல்லை. பாதுகை மலர் என்றே வழங்குகின்றோம். தமையனின் பாதுகையைத் தலைமேற்கொண்ட தம்பியின் கதையை ஆண்டுதோறும் வகுப்பிலே கற்பிப்பவர் நாம். கற்பித்தல் வேறு, மண்வெட்டி வேறு.

இவ்வினத்திலே ஏறத்தாழ ஐம்பது வகைகள் உள. சீனத்திலேதான் மிகுதி, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஏனையவை. நம் தீவிலே ஒன்றுமில்லை. இதற்கு ஒன்றுவிட்ட உறவான பபியோபெடிலம் என்னும் பாதுகை இனத்திலே ஒன்று மட்டும், அகத்தியர் உறைந்ததாகச் சொல்லப்படும் பொதியமலைச் சாரலிலே உண்டு. 1865இல் ட்ரூரி என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் கண்டெடுத்ததாலே அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கண்டெடுத்த நாள் முதலாகச் சேகரிப்போர் பிடுங்கிப் பிடுங்கி, அது அருகிப்போயிற்று. இங்கிலாந்திலோ மஞ்சட் பாதுகை மலர் 1917இல் அழிந்ததென்றே அறிவித்தார்கள். 1930இல் யோக்சயர் பள்ளத்தாக்கொன்றிலே ஒரேயொரு செடி காணப்பட்டது. இடத்தை வெளியிடாமல் பல்லாண்டு காவல் காத்தார்கள். பூவுக்குக் காவலாளா என்று நகைத்தோம். பின்னர் எம் மண்வெட்டி நினைவுக்கு வந்தது.

தமையனார் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கியதும் செடியைப் பற்றித்தான். வளவைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. இதன் விதை தூசியினும் நுண்ணியது; முளைக்கு ஊட்டச் சிறிதளவு உணவும் அதனுள் இல்லை. காட்டிலே ஒருவகைப் பூஞ்சணம் ஊட்டினால்தான் பிழைக்கும். ஆய்வுகூடத்திலே கண்ணாடிக் குடுவையில் வளர்த்த நாற்றை வாங்குவதே முறை. காட்டிலிருந்து தோண்டியது பெரும்பாலும் பிழையாது, தோண்டுதலும் தகாது. குடுவையை விட்டு வெளிவந்த நாற்றுக்கு உறைநிலைக்குச் சற்று மேலான குளிரிலே மூன்று மாத உறக்கம் வேண்டும். அதற்காக ஈரப்பாசியிலே சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியிலே வைப்பாராம். தோசைமாவுக்கு இடமில்லையென்று மச்சாள் முறையிட்டது அக்குடும்பத்திலே பெயர்பெற்ற வழக்கு.

"அப்படியானால் ஊரிலும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து வளர்க்கலாமே" என்றோம். அவர் சிரிக்கவில்லை. ஆண்டுதோறும் மாரி முழுவதும் பெட்டியிலே வைத்தெடுத்து, எமது செம்பாட்டு மண்ணின் வெக்கையில் ஒரு கோடை தாங்க வைப்பது மெத்தக் கடினம் என்றார். நாடுவிட்டு நாடு கொண்டுபோகப் பத்திரமும் வேண்டும்; ஓர்க்கிட் இனம் முழுவதும் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் உள்ளது. சிறிது பொறுத்து, "குளிரில்லாவிட்டால் அது விழிக்காது, தம்பி. அதற்கு இதுதான் ஊர்" என்றார். எமக்கு ஏனோ அதற்குமேல் கேட்க மனம் வரவில்லை.

மண்வெட்டிக்குத் தப்பிய மூன்றாவது கற்றை வைகாசி மாதத்திலே பச்சை ஆணிகளாக மண்ணைத் துளைத்தது. ஆனி முற்பகுதியில் முழங்காலுயரம் வளர்ந்து, நான்கு தண்டுகளிலே பூத்தது. இதழ்கள் தூய வெண்மை, பாதுகை இளஞ்சிவப்பு. ஒரு காலை முழுவதும் இருவரும் அதனருகே குந்தியிருந்தோம். சிறு வண்டொன்று பையினுள் வீழ்ந்தது. வழுக்குஞ் சுவரால் வந்தவழி மீளமுடியாது. உள்ளே தேனும் இல்லை; வெறும் வஞ்சனை. பின்புறத்தே இரண்டு சிறு வாயில்கள் உள. முதலிற் சூலகமுடியின் கீழ் நுழைந்து, பின்னர் மகரந்தத்தை முதுகிலே தேய்த்துக்கொண்டுதான் வெளியேறலாம். டார்வின் தொடக்கத்தில் இதைப் பிழையாகவே விளங்கினாராம். அமெரிக்கரான ஆசா கிரே திருத்தியபின், ஒரு சிறு வண்டைத் தாமே பையினுள் இட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டார். இதைத் தமையனார் சொல்லும்போது, எமக்கு விஞ்ஞானம் படிப்பித்த ஆசானின் குரலே அவரிடத்தில் இருந்தது. நாம் ஆர்வமிகுதியால் இலையைத் தடவினோம். அதன் நுண்மயிர் சிலருக்கு ஒவ்வாது. மாலைக்குள் முழங்கைவரை தடித்துச் சொறியலாயிற்று. தமையனார் விழுந்து விழுந்து சிரித்தார். நாம் சென்றபின் அவர் சிரித்தது அதுவே முதல் முறை.

ஆனி பிற்பகுதியில் ஒருநாள், கோப்பியை அருந்தியவாறே, "பத்திரத்தைக் கொண்டுவா" என்றார். எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரிந்திருந்தது. துணைத்தூதரகத்துக்கு இருவரும் சேர்ந்தே போனோம். கிணற்றடியோடு சேர்ந்த இரண்டு பரப்பை மட்டும் தொடக்கூடாதென்றார். அங்கேதான் அன்னையாரின் செவ்வரத்தை நிற்கின்றது. விற்கும் மூன்று பரப்பு எத்திசையிலென்று அவர் கேட்கவில்லை. நாமும் வேண்டுமென்றே வீதிப்பக்கமாகவே அளந்தோம். கிணற்றடிக்கு வேலிகூடப் புதிதாய் அடைத்தாயிற்று.

வெட்டுண்ட இரண்டு கற்றைகளில் ஒன்று அழுகிப்போயிற்று. மற்றையது முதலாண்டு ஈர்க்களவான ஒரு தளிரும், மறு ஆண்டு இரண்டும் விட்டது. 2021ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே தொலைபேசியில் ஒரு படம் வந்தது. ஒற்றைத் தண்டு, ஒற்றைப் பாதுகை. அதன் கீழே தமையனார் எழுதியிருந்தார்: "பூத்துவிட்டது. வெங்காயத்தோடு வந்துவிடாதே."